முழுக்கிய கை யாருடையது

எங்கள் சபையில் பாஸ்டரம்மா ஒரு நாள்கூடப் பிரசங்கம் செய்ததில்லை. சாட்சிதான் சொன்னார். இந்த வித்தியாசத்தை முதலிலேயே சரியாகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்தது எல்லாம் இதைப் போன்ற ஒரு வித்தியாசத்தில்தான் வந்து நின்றது.

பெண்கள் சபையில் போதிக்கக் கூடாது என்பது எங்கள் ஸ்தாபனத்தின் சட்டம். ஆனால் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் தன் இடத்தில் எழுந்து நின்று சொல்லலாம். அதற்குப் பெயர் சாட்சி. அம்மா பெண்கள் பக்கத்துப் பாயில் எழுந்து நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "போன வாரம் ரேசன் கடை வரிசையில நின்னுக்கினு இருந்தேன்" என்று ஆரம்பிப்பார். ரேஷன் கடை வரிசை எப்போது வனாந்தரத்தில் அலைந்த ஜனங்களின் வரிசையாக மாறியது என்று யாருக்கும் தெரியாது. வெயில் தகரக் கூரையில் ஏறி உள்ளே இறங்கும்வரை பேசுவார். ஆண்கள் பக்கத்தில் வேதத்தைப் புரட்டிக் குறித்துக்கொள்வார்கள். அவர் உட்கார்ந்ததும் பாஸ்டர் ஐயா மேடையிலிருந்து, "சிஸ்டர் நல்ல சாட்சி சொன்னாங்க. நான் சுருக்கமா முடிச்சிடுறேன்" என்பார். சுருக்கமாகவே முடிப்பார்.

மேடை என்பது ஒரே ஒரு படி உயரம். மேலே ஊதா நிறக் கம்பளம். அம்மா அதில் ஏறியது சனிக்கிழமைகளில் மட்டும், கையில் துடைப்பத்தோடு.

கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. சபை கச்சிராயபாளையம் சாலையில், வடக்கனந்தல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிறவர்கள். நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கழுவிப் பழகிய கை என்பதால், திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவதும் கறுப்பு திராட்சையை வேகவைத்து வடிகட்டுவதும் புளிக்காத அப்பம் சுடுவதும் என் பொறுப்பாயின. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி மூடி, மேடைப் படி வரைக்கும் கொண்டுபோவேன். அங்கே சபைச் செயலாளர் வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் என் கை போகாது. அதைப் பற்றி நான் நெடுநாள் யோசித்ததுமில்லை.

ஞானஸ்நானம் நடக்கும்போது எனக்கு இன்னொரு வேலை. முழுகப் போகும் பெண்களுடைய வெள்ளைப் புடவை தண்ணீரில் மிதக்காமல் தோளிலும் இடுப்பிலும் கரையிலும் ஊக்கு குத்திவிடுவது, வெளியே வந்ததும் துண்டு போர்த்துவது. ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஆறு. இல்லாவிட்டால் யாராவது ஒரு விசுவாசியின் பம்புசெட்டுத் தொட்டி. இந்த வேலைக்கு ஆளின் மிக அருகில் நிற்க வேண்டும். அதனால் தண்ணீருக்குள் யார் கை எங்கே இருந்தது என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

பாஸ்டர் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு கோடையில். வலது கையும் வலது காலும் போயின, பேச்சு மட்டும் போகாமல் தப்பியது. அதற்குப் பிறகு திருவிருந்து மேசையை மேடையிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பார். அம்மா பக்கத்தில் நின்று, அவருடைய செத்த கையைத் தன் கையில் ஏந்தி, இரண்டு கையாலும் அப்பத்தைப் பிட்பார். மேசை கீழே இருந்ததால் அம்மா மேடை ஏறியதாக ஆகவில்லை. தொட்டியிலும் அப்படித்தான். ஐயாவை நாற்காலியோடு தூக்கித் தொட்டிச் சுவரின் மேல் வைப்பார்கள். அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று நாமத்தைச் சொல்லுவார். அம்மா தண்ணீருக்குள் நின்று, அவர் கையை எடுத்து ஆளின் தலையில் ஒருமுறை வைத்துவிட்டு, பிறகு தன் கையால் முதுகைத் தாங்கி முழுக்கி எடுப்பார். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்தோத்திரம் சொல்லிப் பாட்டு பாடினோம்.

மலைக்குப் போனது முழுக்க முழுக்க அம்மாவின் காரியம். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் நோயாளிகளுக்கு ஜெபிக்கப் போவார். அங்கே கல்வராயன் மலையிலிருந்து பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். அவள் புருஷனோடு கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போய்வருகிறவள். யாரிடம் பேசினாலும் வாய் நீளும். குழந்தை பிழைத்தது. அம்மா அடுத்த வாரம் வெள்ளிமலை பஸ் ஏறி, இறங்கி நடந்து, அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். "இன்னா இவ்ளோ தூரம், கீழ வேலை இல்லியா உங்களுக்கு" என்று அவள் கேட்டாளாம். அந்த வாசலில்தான் மலைச் சபை ஆரம்பித்தது. மரவள்ளிக் கொல்லையில் வேலை முடித்துவரும் பெண்கள்தான் முதலில் உட்கார்ந்தார்கள். பிறகு சில ஆண்கள், கொஞ்சம் தள்ளி, குந்திக்கொண்டு. மலையில் மேடையே கிடையாது. அதனால் அங்கே அம்மா சொன்னது சாட்சியா பிரசங்கமா என்று யாரும் கேட்கவில்லை.

மலைச் சபை ஆரம்பித்த அடுத்த ஆண்டு ஐயா இறந்தார். அடக்கம் முடிந்த வாரமே சென்டர் பாஸ்டர் வந்தார். எங்களைப் போன்ற பல சபைகளுக்கு அவர்தான் மேல். புதிதாக ஒரு போதகர் வருவார் என்றார். அம்மா பின்னால் உள்ள அறையில் தங்கிக்கொள்ளலாம், சகோதரிகள் ஐக்கியத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மலையைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அதையும் வர்ற பாஸ்டர் பாத்துக்குவாரு" என்றார். அம்மா முக்காட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். சபை போனதை அவர் எதிர்பார்த்திருந்தார். மலை போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளியில் கழுவிய குடுவைகளை மறுபடி கழுவினேன். வீட்டில் டப்பாக்களை இறக்கித் துடைத்து ஏற்றி, மறுநாள் மறுபடி இறக்கினேன். என் கணவர் சபைக்கு வராதவர், கேலி மட்டும் செய்வார். "புருசன் செத்தது அந்தம்மாவுக்கு. இங்க எதுக்கு டப்பாவெல்லாம் துக்கம் கொண்டாடுது" என்றார்.

புதிய பாஸ்டர் இளைஞர், கல்யாணமாகாதவர். வேதாகமக் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் வந்த முதல் நாளே அம்மாவிடம், "உங்களுக்குத் தெரியாதது எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். நாங்கள் அவரைத் தம்பி பாஸ்டர் என்று கூப்பிட்டோம்.

மலையில் ஞானஸ்நானத்துக்குச் சில பெண்கள் ஐயா இருந்தபோதே காத்திருந்தார்கள். ஓடையில் தண்ணீர் வந்ததும் ஜீப்பில் போனோம். தம்பி பாஸ்டர், அம்மா, நான், கூடவே செயலாளர். வரிசையில் முதலில் நின்றவள் அந்த மிளகுக்காரப் பெண். நான் ஊக்குகளைக் குத்தி முடித்தேன். தம்பி பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினார். அவள் கரையிலேயே நின்றாள்.

"இவரு புடிச்சா நான் எறங்க மாட்டேன். தண்ணியில அந்நிய ஆம்பள தோளப் புடிச்சான்னு தெரிஞ்சா எம்புருசன் வூட்ல சேத்துக்குவானா? ஊர்ல தான் வுடுவாங்களா? அம்மா எறங்கட்டும்."

இதில் பிடிவாதம் ஒன்றுமில்லை. மேட்டில் ஊர்ப் பெரியவர்கள் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தம்பி பாஸ்டர் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நாமத்த நான் சொல்றேன். நீங்க முழுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அம்மா புடவையோடு இறங்கினார். நாமம் தம்பி பாஸ்டருடையது, கை அம்மாவுடையது. எல்லாப் பெண்களும் அப்படியே முழுகி எழுந்தார்கள். செயலாளர் கரையில் பாட்டு பாடினார். மத்தியானம் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டார்கள். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் ஜீப்பில் ஒன்றும் பேசவில்லை.

சென்டர் பாஸ்டருக்குத்தான் போன் போட்டுப் பேசினார். அந்த ஞானஸ்நானம் செல்லாது, அந்தப் பெண்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டும், அம்மா இனி மலைக்குப் போகக் கூடாது. இதுதான் செயலாளர் கேட்டது. ஒரு சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் நாற்காலியில், நாங்கள் பாயில். செயலாளர் பெண்களைப் பற்றிய வசனங்களை வரிசையாக எடுத்துச் சொன்னார். தம்பி பாஸ்டர், முடிவெடுத்தது தான்தான், தவறு இருந்தால் தன்மேல் என்றார். அம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சென்டர் பாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், நீங்க எல்லாத்தையும் கரெக்டா பாக்குறவங்கன்னு சொல்றாங்க. தண்ணியில முழுக்குன கை யாருது?"

"அம்மா கைங்க ஐயா."

"நாமம் சொன்னது?"

"தம்பி பாஸ்டருங்க."

செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பாதி சொன்ன பதில் எனக்குத் தொண்டையில் நிற்கும், பழக்கம் அப்படி. மீதியையும் சொன்னேன். ஐயாவுக்குக் கை போன நாளிலிருந்து இந்தச் சபையில் எல்லாரையும் முழுக்கியது அம்மாவின் கைதான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றேன். ஐயாவின் கை தலையில் பட்டது, ஆனால் முழுக்கவில்லை, தூக்கவில்லை. "செயலாளர் பிரதரோட பெரிய மகனும் மருமகளும் அப்பதாங்க ஞானஸ்நானம் எடுத்தாங்க."

அப்போது பாயிலிருந்து செயலாளரின் மனைவி எழுந்து நின்றார். அவர் சாட்சி சொல்லவும் எழுந்திருக்காதவர்.

"நானும் அந்தக் கையிலதாங்க முழுகுனேன். இன்னொரு வாட்டி எடுக்கணும்னா முன்னாடியே சொல்லிடுங்க ஐயா. எனக்குப் பச்சத்தண்ணி ஒத்துக்காது, வெந்நி வெச்சிக்கணும்."

பெண்கள் பக்கம் முக்காடுகள் குலுங்கின. ஆண்கள் பக்கமும் ஒருவர் இருமினார். செயலாளர், "நீ ஒக்காரு" என்றார். "ஒக்காருறேன். பதில் வரட்டும்" என்று அவர் நின்றுகொண்டே இருந்தார்.

சென்டர் பாஸ்டர் புத்திசாலி. சபையில் பாதிப் பேரைத் திரும்பத் தொட்டிக்கு அனுப்ப முடியாது என்பது அவருக்கு உடனே விளங்கியது. கண்ணை மூடிச் சிறிது ஜெபித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கொடுத்த ஞானஸ்நானங்கள் எல்லாம் செல்லும். அம்மா மலைக்குப் போய் வரலாம். ஆனால் இனிமேல் போதகரே முழுக்க வேண்டும். போதகரின் சரீரத்தில் இயலாமை இருந்தால் மட்டும், அவர் சார்பாக அம்மா கை கொடுக்கலாம்.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். காரியம் ஜெயித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பின்கட்டில் டம்ளர்களைக் கழுவும்போது அம்மா என்னிடம் சொன்னார்:

"எங்க வூட்டுக்காரருக்குக் கை செத்ததாலதான் என் கைக்கு உயிரு. இன்னா நாயம் இது? அவரு நல்லா இருந்திருந்தா நான் யாரு?"

கழுவிய டம்ளரை வாங்கி மறுபடி கழுவினேன். அவர் அதைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார். "சுத்தமாத்தான் இருக்குது, வுடு" என்றார்.

அந்த மாதங்களில், இரவில் நான் எழுதிவந்த நாட்குறிப்பில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே எழுத எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யார் பாடினார்கள், யார் ஜெபித்தார்கள் என்பதை எழுதினேன். எழுதியது எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஏதோ விட்டுப்போன மாதிரி பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிருந்துத் தட்டை மேடைப் படியில் செயலாளர் கையில் கொடுக்கும்போது, முன்பெல்லாம் தோன்றாத ஒன்று தோன்றியது: இந்தப் படியைத் தாண்ட எனக்கு என்ன நோய் வர வேண்டும், அல்லது யாருக்கு வர வேண்டும்?

மழை முடிந்து மறுபடி மலையில் ஞானஸ்நானம் வைத்தார்கள். இந்த முறை மிளகுக்காரப் பெண்ணின் மருமகளும் இன்னும் சிலரும். செயலாளருக்கு வேலை இருந்தது, வரவில்லை. தம்பி பாஸ்டர் முந்தின நாளே மலைக்குப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடைக்கரையில் நின்றிருந்தார். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பட்டைத் துணிக் கட்டு. சறுக்கி விழுந்துவிட்டேன், தோள்வரை வலிக்கிறது, தூக்க முடியவில்லை என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

இயலாமை. சென்டர் பாஸ்டர் சொன்ன அதே வார்த்தைக்குப் பொருத்தமாக ஒரு கட்டு. அம்மாவுக்காகத்தான் செய்கிறார், அது முகத்தில் தெரிந்தது. நான் பேசாமல் ஊக்குகளை எடுத்தேன். இப்படியே நடந்துவிட்டால் போதும் என்றும் இருந்தது, நடந்துவிடக் கூடாது என்றும் இருந்தது. மருமகள் தண்ணீரில் இறங்கி நின்றாள். அப்போது கரையில் உட்கார்ந்திருந்த மாமியார், அதாவது மிளகுக்காரப் பெண், கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நேத்து சாயங்காலம் ஜெபத்துல எடது கையிலதான கட்டு இருந்துது பாஸ்டரே. உங்க ஊர்ல வலி இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு நடந்து போவுமா?"

கரையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மேட்டில் குந்தியிருந்த ஆண்களும் சிரித்தார்கள். தம்பி பாஸ்டரின் முகம் காது வரை சிவந்தது. அவரும் தலையைக் குனிந்து கொஞ்சம் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி அவர் முன்னால் போய் நின்றார்.

"கட்ட அவுத்துடுங்க தம்பி."

"அம்மா, உங்களுக்காகத்தான்..."

"தெரியுது. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா ஒருத்தரு கைய ஊனமாக்கிட்டுத்தான் நான் எறங்கணும்னா எனக்கு வாணாம். முழுக்குறதுன்னா நல்ல கையோட நீங்களே முழுக்குங்க. இல்ல, நான் முழுக்குறதுன்னா நல்ல கையோட கரையில நின்னு பாருங்க."

தண்ணீரில் நின்ற மருமகள், "யாராவது ஒருத்தரு வாங்களேன், காலு வெறச்சிக்கினு போவுது" என்றாள்.

மலையைத் தக்கவைத்துக்கொள்ள அம்மாவுக்கு இருந்தது அந்தக் கட்டு ஒன்றுதான். அதை அவிழ்த்தால், மறுபடி கூட்டம், மறுபடி தீர்ப்பு, இந்த முறை மலையே கையை விட்டுப் போய்விடலாம். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை.

தம்பி பாஸ்டர் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். சுற்றுச் சுற்றாக வந்தது. கடைசிச் சுற்று முடிந்ததும் கையை ஒரு தரம் மடக்கி நீட்டினார். நல்ல கை. துணியை என்னிடம் கொடுத்தார். தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் ஒரு பாறைமேல் ஏறி நின்றார்.

"நீங்க எறங்குங்கம்மா" என்றார். பிறகு, அம்மா பாதி தூரம் போனபின், "நாமத்தையும் நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அம்மா தண்ணீரில் நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. சாட்சி சொன்ன அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. அன்று முதல் வார்த்தை நடுங்கியது. இரண்டாவது வார்த்தையிலிருந்து சரியானது. மருமகள் முழுகி எழுந்தாள். நான் துண்டோடு ஓடினேன். அடுத்தவள் இறங்கினாள். தம்பி பாஸ்டர் பாறைமேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கையும் எல்லாருக்கும் தெரியும்படி நின்றார்.

ஜீப்பில் மலையிறங்கினோம். அம்மாவின் புடவை ஈரமாகவே இருந்தது. மாற்றிக்கொள்ளச் சொன்னேன், காய்ந்துவிடும் என்றார். வண்டி ஓட்டியவர் செயலாளரின் தம்பி மகன். அதை ஏறும்போதே கவனித்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

அந்தக் கட்டுத்துணி என் பைக்குள் கிடந்தது. எடுத்து மடியில் வைத்து இறுக்கிச் சுருட்டினேன். விளிம்பு ஒன்றுக்கொன்று சேரவில்லை. அவிழ்த்து மறுபடி சுருட்டினேன். வரும் சனிக்கிழமையோ அதற்கடுத்த சனிக்கிழமையோ கூட்டம் போடுவார்கள். என்னைத்தான் கேட்பார்கள். கை யாருது என்பார்கள், அம்மா கை. நாமம் சொன்னது யார் என்பார்கள், அம்மா. போதகருக்கு என்ன இயலாமை என்பார்கள்.

ஒன்றும் இல்லைங்க ஐயா, இரண்டு கையும் நல்லா இருந்துது. இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கச்சிராயபாளையம் வருவதற்குள் இன்னும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். அம்மா என் மடியிலிருந்த துணியை எடுத்துத் தன் ஈரத் தலைமுடியைத் துவட்டிக்கொண்டார்.